புல்லில் தொங்கும் கொள்ளைக்காரன்

தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுப் புல்வெளிகளில் கோடைக்காலப் பூச்சிக் கணக்கெடுப்பு என் வேலை. வலையைப் புல்லில் இடவலமாக வீசிக்கொண்டே நடப்போம். சிக்கியதை வகை பிரித்துப் படிவத்தில் எண்ணிக்கை போடுவோம். அப்படி எண்ணிக்கையோடு முடிந்துபோகிறவற்றில் ஒன்று லெப்டோகாஸ்டர் சிலிண்ட்ரிகா. 1776-இல் ஸ்வீடன் பூச்சியியலாளர் டி கீர் பெயர் வைத்த, மற்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் கொள்ளைக்கார ஈ (robber fly). இன்றும் அதைப் பற்றிக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் எங்கே, எந்த மாதம் பிடிபட்டது என்ற பதிவுகள்தான்.

கொள்ளைக்கார ஈக்களில் 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பல, கட்டுமஸ்தான உடம்போடு வெயிலில் காத்திருந்து, பறக்கும் பூச்சியை விருட்டென்று பாய்ந்து பிடிப்பவை. இதுவும் அந்தக் குடும்பமா என்று சந்தேகம் வரும். துடைப்ப ஈர்க்கு மாதிரி மெலிந்த உடம்பு, நீண்ட பின்னங்கால், நுனியில் தடித்த தொடை. பாத நுனியில் மற்ற ஈக்களுக்கு உள்ள மெத்தை கிடையாது; மைக்ரோஸ்கோப்பில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வலையில் ஈயும் இரையும் தனித்தனியாகி எல்லாவற்றோடும் கலந்துவிடும். எது எதைத் தின்றுகொண்டிருந்தது என்று அப்புறம் யாரும் சொல்ல முடியாது. அதனால் மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவை ஓரமாக வைத்துவிட்டுப் புல்லில் குப்புறப் படுத்துவிடுவேன். (நடைபயணம் வருபவர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.)

தண்டுகளுக்கு நடுவே இந்த ஈ கால்களைத் தொங்கவிட்டு மெதுவாக மிதந்து வரும். துரத்தல் எதுவும் இல்லை. தண்டில் அசுவினி உட்கார்ந்திருந்தால் எதிரே அந்தரத்தில் நின்று பார்க்கும், அப்படியே பறித்துக்கொள்ளும். பிறகு முன்னங்கால்களால் புல்லைப் பற்றித் தொங்கியபடி அலகைச் செருகும். எச்சில் உள்ளே போய்ச் சதையைக் கரைக்க, கரைந்ததை உறிஞ்சும். முடிந்ததும் வெறும் கூடு கீழே விழும். அசையாமல் தொங்கும்போது கண்ணை எடுத்தால் போச்சு, மறுபடி தேட வேண்டும்.

முட்டையிலும் இதே சாவகாசம்தான். எதிலும் ஒட்டாது, புல்லுக்கிடையே உதிர்த்துவிட்டுப் போகும். புழு வளர்வது மண்ணுக்குள். அந்தக் காலம் முழுக்க எங்கள் வலைக்கு எட்டாது.

இப்போது படிவத்தின் 'குறிப்பு' கட்டத்தில் இரையையும் எழுதுகிறேன்: அசுவினி, புல் தண்டு, நல்ல வெயில், காற்றில்லை. அலுவலகத்தில் அந்தக் கட்டத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. சரி, வேண்டாம் என்றும் சொல்லவில்லையே.