மருந்துக்குக் கேட்காத கண்

கருவிழிப் புண்ணோடு வருகிறவர் பையில் பெரும்பாலும் இரண்டு மூன்று சொட்டு மருந்துக் குப்பிகள் இருக்கும். ஒன்று மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக். இன்னொன்று மருந்துக்கடையில் சொல்லி வாங்கியது, அதில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ‘பத்து நாளா ஊத்துறோம் சார், கேக்கவே இல்ல’ என்பார்கள். ‘ரெசிஸ்டன்ஸ்’, அதாவது மருந்துக்குக் கிருமியின் எதிர்ப்பு, என்று எழுதக் கை துறுதுறுக்கும். கண் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருக்கிறவர்கள் அந்தச் சொல்லை அவ்வளவு சீக்கிரம் நம்புவதில்லை.

அது பாக்டீரியாவாகவே இல்லாமல் போகலாம். நெல் உமியோ வைக்கோல் நுனியோ பட்ட கண்ணில் ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் சாதாரணம். தமிழ்நாட்டுக் கருவிழிப் புண்களில் பூஞ்சையின் பங்கு சின்னதில்லை. அதற்கு மாக்ஸிஃப்ளாக்ஸசின் வெறும் தண்ணீர். ஸ்டீராய்டு சேர்ந்தால் தண்ணீரைவிட மோசம். நோகார்டியா பாக்டீரியாதான், ஆனால் கல்ச்சரில் (கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) கண்ணுக்குத் தெரியப் பல நாள் ஆகலாம். இரண்டாம் நாளே ‘வளர்ச்சி இல்லை’ என்று தட்டைத் தூக்கிப் போட்டால் தப்பிவிடும். அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக்கின் 2.5 சதவீதச் சொட்டுக்குப் பெரும்பாலும் அடங்கும்.

ஆகவே புண்ணைச் சுரண்டிப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. மரத்துப்போக 0.5 சதவீத புரோபராகெயின் போதும். டெட்ராகெயின் பாக்டீரியாவின் வளர்ச்சியைக் கூடுதலாகத் தடுக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. மேலே கிடக்கும் சளியை முதலில் எடுத்துவிட்டு, கிமுரா ஸ்பாட்டுலாவாலோ 15ஆம் எண் பிளேடாலோ புண்ணின் விளிம்பையும் அடியையும் சுரண்ட வேண்டும். இமையோ முடியோ பட்டால் தோலில் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் தட்டில் ஏறிவிடும். ஸ்பாட்டுலாவைச் சுடரில் காட்டினால் ஆறவிட வேண்டும். ஆறாவிட்டால் கருவிழியும் வெந்துபோகும், கிருமியும் செத்துப்போகும். கிருமி வளர்க்கும் ஊடகங்களான பிளட் அகாரிலும் சாக்லேட் அகாரிலும் ‘சி’ எழுத்து வடிவில் கோடு போடுவது அழகுக்கல்ல: கோட்டின் மேல் முளைத்தால் கணக்கில் வரும், கோட்டுக்கு வெளியே முளைத்தது காற்றில் வந்த விருந்தாளி. கிராம் சாய ஸ்லைடு அரைமணி நேரத்தில் பாதிக் கதையைச் சொல்லிவிடும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கும் சென்சிட்டிவிட்டிக்கு இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும்.

அந்த ரிப்போர்ட்டையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். தட்டில் கிருமியைப் பரப்பி மருந்து வில்லையை வைத்தால், அதைச் சுற்றிக் கிருமி முளைக்காத வட்டம் விழும். வட்டம் பெரிதானால் கிருமி அடங்குகிறது என்று பொருள். அந்தத் தட்டில் ஊற்றும் மியுல்லர் ஹின்டன் அகார் 4 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் வட்டம் சுருங்கும், மருந்துக்குக் கேட்கிற கிருமிகூடக் கேட்காததாகத் தெரியும். கிருமிக் கரைசலின் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் அளவைத் தாண்டினாலும் அதே கோளாறுதான். சூடோமோனாஸ் எருஜினோசா என்ற பாக்டீரியாவுக்கு சிப்ரோஃப்ளாக்ஸசின் வட்டம் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால்தான் இப்போது ‘எஸ்’, அதாவது மருந்துக்கு அடங்கும். இந்த அளவுகளை வகுக்கும் அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ. 2019இல் அதை மாற்றும்வரை 21 போதுமானதாக இருந்தது. 22 மில்லிமீட்டர் வட்டம் போட்ட கிருமி அப்படியேதான் இருக்கிறது, அளவுகோல்தான் நகர்ந்தது. அந்த அளவுகோலும் இரத்தத்தில் சேரும் மருந்தை வைத்துப் போட்டது. மணிக்கொரு முறை சொட்டு விழும் கருவிழியில் அதைவிடப் பல மடங்கு மருந்து சேரும். ‘ஆர்’ (அடங்காது) என்று வந்த கண் ஆறிப்போவது அதனால்தான்.

உண்மையான எதிர்ப்பு இல்லாமல் இல்லை. மாக்ஸிஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் சேர்ந்த ஃப்ளூரோகுயினலோன் வகைக்கு அடங்காத சூடோமோனாஸ், மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இரண்டும் வருகின்றன. பின்னதைக் கண்டுபிடிக்க செஃபாக்சிடின் 30 மைக்ரோகிராம் வில்லை வைக்கிறோம். வட்டம் 21 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்குப் போக வேண்டும். சென்னை அருகே தயாரான செயற்கைக் கண்ணீர்க் குப்பிகளோடு தொடர்புடையதாக 2023இல் அமெரிக்காவில் பரவிய சூடோமோனாஸ், வலுவான ஆன்டிபயாடிக்குகளான கார்பபெனெமுக்கும் செஃப்டாசிடிமுக்குமே அடங்கவில்லை. 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்று, 14 பேருக்குப் பார்வை போனது, நால்வர் இறந்தார்கள். பலமுறை திறந்து மூடும் குப்பி, உள்ளே கிருமி வளராமல் காக்கும் பதப்படுத்தி மருந்து கிடையாது.

கடையில் கிடைப்பதைவிட வலிமை கூட்டிய, செறிவூட்டிய சொட்டை மருத்துவமனையிலேயே கலக்க வேண்டியிருக்கும். செஃபசோலின் 500 மில்லிகிராம் வயலில் (ஊசிமருந்துக் குப்பி) கிருமி நீக்கிய நீர் 10 மில்லி சேர்த்தால் 5 சதவீதம். டோப்ராமைசின் 0.3 சதவீத 5 மில்லிக் குப்பியில் மில்லிக்கு 40 மில்லிகிராம் வலிமை ஊசிமருந்து 2 மில்லி விட்டால், மில்லிக்கு 13.6 மில்லிகிராம். செஃபசோலின் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும், மஞ்சளடித்தால் கொட்டிவிடலாம். டோப்ராமைசின் வெகுநாள் போனால் மருந்தே மேல்தோலை ஆறவிடாது. அதையும் எதிர்ப்பு என்று எண்ணி மேலும் ஊற்றுகிறவர்கள் உண்டு.

குறைக்கும்போதும் தவறு நடக்கிறது. ஸ்டீராய்டைப் படிப்படியாக இறக்கும் பழக்கத்தில் ஆன்டிபயாடிக்கையும் மூன்று, இரண்டு, ஒன்று என்று இறக்குகிறார்கள். நாளுக்கு நான்கு முறைக்குக் கீழே போவது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதுதான், அதைவிட ஒரேயடியாக நிறுத்திவிடலாம். இரண்டு சொட்டுகளை அடுத்தடுத்து விட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும், ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். ராத்திரி யார் எழுந்து ஊற்றுவது என்று வீட்டில் யாரையாவது பொறுப்பாக்கி எழுதிக் கொடுத்தால் நல்லது.

5 மில்லிக் குப்பியில் ஏறக்குறைய 100 சொட்டு. மணிக்கொன்று, ஒரே கண்ணுக்கு என்றால் நான்கு நாளில் தீர வேண்டும். எட்டாம் நாள் வந்து ‘கேக்கவே இல்ல’ என்கிறவர் கையிலிருக்கும் அதே முதல் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், பாதிக்கு மேல் மருந்து அசையும்.