விலேன்-லே-ரோஷே: குகைக்குள் கூடை முடைந்த ஊர்

பிரான்ஸில் லுவார் பள்ளத்தாக்குக் கோட்டைகளைப் பார்க்கப் போகிறவர்கள், கோட்டை ஊரான அசே-ல-ரிதோவுக்குச் சில கிலோமீட்டர் தெற்கே இருக்கும் விலேன்-லே-ரோஷேக்கு அரை நாள் ஒதுக்குங்கள். காரிலோ சைக்கிளிலோ போவது வசதி. கூடை முடைவதையே தொழிலாகக் கொண்ட கிராமம் இது. 1849இல் ஷிக்குவான் என்ற பங்குத்தந்தை இங்குள்ள முடைவோரைச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். பட்டறைகளும் விற்பனைக்கூடமுமாக அது இன்றும் நடக்கிறது. கூடைக்குக் குச்சி தரும் வில்லோ மரத்துக்கும் கூடைக்குமான சிறிய அருங்காட்சியகமும் ஊரில் உண்டு.

ஆனால் முதலில் குகைகளைப் பாருங்கள். மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த இந்த அறைகளில்தான் கூடை முடைந்தார்கள். காரணம் ஈரம். காய்ந்த வில்லோக் குச்சி வளைத்தால் முறியும். ஊறவைத்த குச்சியும் கை பட்டு, காற்றுப் பட்டு விரைவில் உலர்ந்துவிடும். குளிர்ந்த, ஈரமான குகைக்காற்றில் அந்தப் பதம் நெடுநேரம் நிற்கும். இது புரிந்தால் அருங்காட்சியகத்தில் உள்ள ஒவ்வொரு கருவியும் பேசும்.

வில்லோ நமக்குக் கிரிக்கெட் மட்டை மரமாகத்தான் தெரியும். கூடைக்கு வேண்டியது அதே குடும்பத்தின் புதர் வகைகள், அதிலும் ஓராண்டு வளர்ந்த வளார் (நீண்ட மெல்லிய குச்சி) மட்டுமே. சுமார் 25 செ.மீ. துண்டுகளை நெருக்கமாக நடுவார்கள். வெளிச்சத்துக்குப் போட்டியிட்டுக் கிளை விடாமல் நேராக உயரும். இடம்விட்டு நட்டால் பக்கக்கிளை வரும், முடையும்போது அந்தக் கணுவில்தான் ஒடியும். இலை உதிர்ந்தபின் குளிர்காலத்தில் தரையொட்டி வெட்டுவார்கள்.

வெள்ளைக் குச்சி வேண்டுமானால் வெட்டிய கட்டுகளின் அடியைத் தண்ணீரில் நிறுத்திவைக்க வேண்டும். வசந்தத்தில் சாறு ஏறித் துளிர்க்கும்போது இரும்புக் கவையின் இடுக்கில் இழுத்தால் பட்டை கழன்று வரும். அந்தப் பருவம் தப்பினால் பட்டை மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். உரித்ததை உடனே வெயிலில் காயவைக்க வேண்டும், இல்லையேல் பூசணம் பிடித்துக் கறுக்கும். பட்டையோடு பல மணி நேரம் வேகவைத்து உரித்தால் பட்டையின் துவர்ப்புச் சாயம் இறங்கி இளம்பழுப்பாகும்.

முடைவதற்கு முன் வெள்ளைக் குச்சிக்கு ஒன்றிரண்டு மணி நேர ஊறல் போதும். பிறகு ஈரத்துணியில் சுற்றி ஓர் இரவு வைப்பது நல்லது. பட்டையுள்ளதற்கு ஒரு வாரம்கூட ஆகும். அதிகம் ஊறினால் வழவழப்பாகி நிறம் மங்கும்.

வட்டக் கூடையின் அடியே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தடித்த குச்சிகள் ஆறு. மூன்றின் நடுவைப் பிளந்து மற்ற மூன்றை நுழைத்தால் சிலுவை. இரண்டு மெல்லிய வளார்களை அதைச் சுற்றி முறுக்கிப் பின்னியபடி, 12 முனைகளையும் சக்கரத்தின் ஆரம்போல் விரிப்பார்கள். அடி உட்புறமாகச் சற்றே குமிழ வேண்டும். தட்டையாக விட்டால் பாரம் ஏறியதும் தொங்கிக் கூடை ஆடும்.

ஒவ்வொரு முனைக்கும் இரண்டாக 24 குச்சி செருகி, கத்திமுனையால் மடிப்பிடத்தைக் குத்தி நிமிர்த்துவார்கள். ஒற்றை வளாரால் சுற்றுவதானால் இந்த எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். 24 என்றால் ஒவ்வொரு சுற்றும் முந்தைய வழியிலேயே போகும், பின்னல் பூட்டாது. அதனால் 25ஆவதைச் செருகுவார்கள், அல்லது இரண்டு வளார்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவார்கள். பிரம்புக்கு இருமுனையும் ஏறக்குறைய ஒரே தடிமன். வில்லோ அடி பருத்து நுனி சிறுத்திருக்கும். ஆகவே அடியோடு அடி, நுனியோடு நுனி இணைக்காவிட்டால் கூடை ஒருபக்கம் உயர்ந்துவிடும். சில வரிசைக்கொரு முறை தட்டுவதற்கான இரும்புக் கருவியால் அடித்து இறுக்க வேண்டும். காயும்போது குச்சி சுருங்கும். தளர விட்டிருந்தால் இடைவெளி தெரியும்.

கூடை வாங்குவதானால் கவிழ்த்து அடியின் குமிழைப் பாருங்கள். பிறகு விளிம்பு மடிப்புகளை விரலால் தடவுங்கள். நார் பிளந்திருந்தால் அதை மடித்தபோது குச்சி உலர்ந்திருந்தது என்று பொருள்.