அடி வாங்குபவரின் டைமிங்

சண்டைக் காட்சியில் எல்லோரும் அடிப்பவரைத்தான் பார்ப்பார்கள். ஃபைட் மாஸ்டரிடம் உதவியாளராக இருக்கும் எனக்கோ கண் முதலில் அடி வாங்குபவரிடம்தான் போகும். முகத்துக்கும் முஷ்டிக்கும் நடுவே நிஜத்தில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். அடிப்பவரின் தோளுக்குப் பின்னால் கேமரா நின்றால் அது தெரியாது. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். கை முகத்தைக் கடக்கும்போதே தலை திரும்ப வேண்டும். முந்தினால் அடி வருவது முன்பே தெரிந்துவிட்டது போல ஆகிவிடும். பிந்தினால் அடி விழவே இல்லை என்றுதான் அர்த்தம்.

ஹாங்காங்கின் யுவென் வூ-பிங் அமைத்த சண்டைகளை இதற்காகத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். பீக்கிங் ஆபரா என்ற சீன இசை நாடகக் கலைஞரின் மகன். படங்களில் ஸ்டண்ட் செய்து மேலே வந்தவர். 1978-இல் அவர் இயக்கிய முதல் படத்தில் ஜாக்கி சான், குங்ஃபூ பள்ளியில் மற்றவர்கள் அடித்துப் பழகுவதற்கென்றே நிறுத்தப்படும் எடுபிடி. அவரைக் கைதூக்கிவிடும் குருவாக நடித்தவர் இயக்குநரின் அப்பாவே. அடி வாங்கிப் பழகியவர்தான் அப்படி ஒரு நாயகனை யோசிப்பார் என்று எனக்குத் தோன்றும்.

ஹாங்காங்கில் சண்டை என்று வந்துவிட்டால் கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதையும் ஃபைட் மாஸ்டரே முடிவு செய்வார். ஒரு ஷாட் முடிந்த நிலையிலிருந்து அடுத்த ஷாட் தொடங்கும். முழுச் சண்டையையும் பல கோணங்களில் எடுத்து வைத்துக்கொண்டு, எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வழி. அதில் அடியின் தாளம் தொலைந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கு ஹாங்காங் வழிதான் சரி.

1999-இல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' படத்துக்கு, படப்பிடிப்புக்கு முன்பே நடிகர்களை மாதக்கணக்கில் பயிற்சியில் வைத்தார் யுவென். நடிகரே செய்தால் முகத்தை மறைக்க வேண்டியதில்லை, கேமரா தள்ளி நின்று முழு உடம்பையும் காட்டலாம். கயிற்றில் கட்டி ஆளைப் பறக்கவிடும் ரோப் வேலைக்கும் பயிற்சிதான் உயிர். இழுப்பவர்களும் குதிப்பவரும் ஒரே மூச்சில் இயங்காவிட்டால் ஆள் பறக்க மாட்டார், மூட்டை போல இழுபடுவார்.

இப்போது என்னையும் தனியாக ஃபைட் கம்போஸ் செய்யக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் பேசுவதற்கு முன் ஒத்திகைக்கு எத்தனை நாள் என்றுதான் கேட்கிறேன். ஹீரோ மட்டும் வந்தால் போதாதா என்கிறார்கள். போதாது, ஃபைட்டர்கள் எல்லோரும் முதல் நாளிலிருந்தே வேண்டும், அவர்களுக்கு அந்த நாட்களுக்கும் சம்பளம் தர வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.