ஆன்மா இல்லையென்றால் மறுபிறவி யாருக்கு? பௌத்தத் தாளை நான் படித்த விதம்

தத்துவ முதுகலை முதல் ஆண்டில் பௌத்தத் தாளுக்கு நன்றாகவே தயாராகிவிட்டேன் என்றுதான் நம்பியிருந்தேன். நான்கு வாய்மைகள், எண்வழி மார்க்கம், மனிதனை ஆக்கும் ஐந்து கந்தங்கள், காரணச் சங்கிலியான பன்னிரு நிதானங்கள், மறைநூல் தொகுதிகளான மூன்று பிடகங்கள் எல்லாவற்றையும் வரிசை தவறாமல் ஒப்பிப்பேன். தேர்வில் 20 மதிப்பெண்ணுக்கு ஒரே வரியில் ஒரு கேள்வி வந்தது: நிலையான ஆன்மா இல்லை என்னும் பௌத்தம் மறுபிறப்பை எப்படி விளக்குகிறது?

அரை மணி நேரம் வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியல்கள் எல்லாம் மனதில் இருந்தன. ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன உறவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடைசியில் எண்வழி மார்க்கத்தை எழுதிவைத்துவிட்டு எழுந்து வந்தேன். 20க்கு 4 கிடைத்தது. அதுவும் தாராளம்தான், கேட்ட கேள்விக்கு அதில் பதிலே இல்லை.

மறுபடி எழுத ஆறு மாதம் இருந்தது. இந்த முறை பாடத்திட்டத்தின் வரிசையை விட்டுவிட்டு, என்னை நிறுத்திவைத்த அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன். அடிப்படைக் கோட்பாடுகளும் கிளைகளும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நிற்கின்றன என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு அந்த வழியைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் நான்கு வாய்மைகள். துக்கம், அதன் காரணம், அதன் முடிவு, அதற்கான வழி என்று நான்கு தலைப்புகளாக மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்குப் புத்தர் சொன்ன முதல் உரையில் ஒவ்வொரு வாய்மைக்கும் ஒரு வேலை சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. துக்கம் முழுமையாக அறிய வேண்டியது. அதன் காரணமான வேட்கை விட வேண்டியது. துக்கத்தின் முடிவு நேரில் கண்டடைய வேண்டியது. மார்க்கம் பழகிப் பழகி வளர்க்க வேண்டியது. இந்த நான்கு வினைச்சொற்களையும் பிடித்துக்கொண்டால், நோய், காரணம், குணமாகும் என்ற உறுதி, மருந்து என்று ஒரு வைத்தியர் பேசுவதுபோல எல்லாம் தானாக அடுக்கிக்கொள்ளும்.

துக்கம் என்ற சொல்லில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அதை வெறும் துன்பம் என்று எழுதினால் பாதி விடைதான். வலி, இழப்பு போன்ற நேரடித் துன்பம் ஒன்று. இன்பமாக இருந்தது மாறிப்போவதால் வரும் துக்கம் இரண்டாவது. காரணங்களால் ஆனது எதுவும் நிலைத்து நிற்க முடியாது என்பதிலேயே அடங்கியிருக்கும் துக்கம் மூன்றாவது. இந்த மூன்றாவதைப் புரிந்துகொள்ளாமல் பௌத்தத்தை ஒரு சோக மதம் என்று எழுதிவிடுகிறார்கள். அது பெரிய தவறு.

எண்வழி மார்க்கத்தை மூன்று கூறாகப் பிரித்தால் மறக்காது. நல்வாய்மை (நல்ல பேச்சு), நற்செய்கை, நல்வாழ்க்கை மூன்றும் சீலம், அதாவது ஒழுக்கம். நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி மூன்றும் சமாதி, அதாவது மன ஒருமை. நற்காட்சி, நல்லெண்ணம் இரண்டும் ஞானம்.

சரி, இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். இரண்டாவது உரையும் அதே ஐந்து பேருக்குத்தான். ஆன்மா இல்லை என்னும் அநாத்ம வாதம் அதில்தான் வருகிறது. அதன் தர்க்கம் எளிமையானது. இந்த உடல் உண்மையிலேயே 'நான்' என்றால், 'இது இப்படி இருக்கட்டும், அப்படி ஆக வேண்டாம்' என்று அதற்கு நான் ஆணையிட முடிய வேண்டும். முடியவில்லை. உணர்ச்சிகளும் நினைப்புகளும் அப்படித்தான். மணிமேகலை இந்த ஐந்து கந்தங்களுக்கும் உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று பெயர் தருகிறது. எதுவும் நிலையில்லை, எதுவும் நம் ஆணைக்கு உட்பட்டதில்லை. இவற்றுக்கு வெளியே தனியாக ஓர் ஆன்மாவும் அகப்படுவதில்லை.

அப்படியானால் பிறந்து பிறந்து வருவது எது? இங்கேதான் பன்னிரு நிதானங்கள் வேலை செய்கின்றன. நான் முதலில் இவற்றை வடமொழிப் பெயர்களில் உருப்போட்டு வாரத்துக்கு ஒரு முறை மறந்துகொண்டிருந்தேன். மணிமேகலையில் உள்ள தமிழ்ப் பெயர்களைக் கண்ட பிறகு மறக்கவேயில்லை: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். வாயில் என்பது புலன்கள். அந்த வாயிலில் பொருள் வந்து தொடுவது ஊறு. தொட்டால் நுகர்வு, நுகர்ந்தால் வேட்கை, வேட்கை முற்றினால் பற்று. உரக்க ஒரு முறை சொல்லிப் பாருங்கள், காரணமும் விளைவும் சொற்களிலேயே தெரியும். ஒன்று இருப்பதால் அடுத்தது வருகிறது. நடுவில் ஓர் ஆள் தேவைப்படுவதில்லை.

இதற்கு உவமை மிலிந்த பஞ்ஹாவில் இருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இந்தோ-கிரேக்க அரசர் மினாந்தருக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்த உரையாடலாக அமைந்த பாலி நூல் அது. இரவு முழுதும் எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றா, வேறா? ஒன்று என்றும் சொல்ல முடியாது, வேறு என்றும் சொல்ல முடியாது. பிறப்பவனும் அப்படித்தான், அவனே அல்லன், வேறொருவனும் அல்லன்.

அப்படியானால் வினையின் பொறுப்பிலிருந்து தப்பிவிடலாமே என்று அரசர் கேட்கிறார். நாகசேனர் மாம்பழத் திருடனைக் கொண்டுவருகிறார். 'இவர் நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு' என்று திருடன் வாதாடினால் விட்டுவிடுவீர்களா? மாட்டோம், நட்டதிலிருந்துதானே பறித்தது வந்தது. வினைக் கோட்பாட்டைப் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் இந்த உவமையை எழுதலாம். கூடவே, பௌத்தத்தில் வினை என்பது முதன்மையாக எண்ணத்தையே குறிக்கும் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். சமணத்தின் வினைக் கோட்பாட்டோடு ஒப்பிடச் சொன்னால் அந்த வரிதான் கைகொடுக்கும்.

இன்னொரு இடத்தையும் விட்டுவிடக் கூடாது. விடுதலை பெற்றவர் இறந்த பின் எங்கே போகிறார் என்று வச்சகோத்தர் என்ற நாடோடித் துறவி கேட்கும்போது, அணைந்த நெருப்பு கிழக்கே போனதா மேற்கே போனதா என்று புத்தர் திருப்பிக் கேட்கிறார். கேள்வியே பொருந்தாது என்பதுதான் அங்கே பதில். விடுதலை நிலையான நிர்வாணத்தை ஒரு சொர்க்கம்போல எழுதுபவர்கள் இந்த இடத்தை ஒரு முறை படித்தால் போதும்.

இனிக் கிளைகள். பெரும்பாலான பாடக்குறிப்புகளில் ஒரு மரப்படம் இருக்கும்: ஒரு அடிமரம், அதில் ஹீனயானம், மகாயானம் என்று இரண்டு கிளை. நான் அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பதிலாக ஒவ்வொரு சிந்தனைப் பள்ளியிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்: ஆன்மா இல்லையென்றால் தொடர்வது எது?

இலங்கை முதலிய நாடுகளில் வாழும் தேரவாதம், தம்மங்களின் (அனுபவத்தின் அடிப்படைக் கூறுகளின்) இடைவிடாத ஓட்டம் என்கிறது. வாத்சீபுத்திரீயரும் அவர்கள் வழியில் வந்த சம்மிதீயரும், கந்தங்களோடு ஒன்றும் அல்லாத, வேறும் அல்லாத 'புத்கலம்' (ஆள்) ஒன்று உண்டு என்றார்கள். மற்றவர்களுக்கு இது ஆன்மாவைக் கொல்லைப்புற வழியாக உள்ளே விடுவதாகப் பட்டது. தேரவாதத்தின் தத்துவத் தொகுதியான அபிதம்மத்தில் உள்ள கதாவத்து என்ற நூல் தன் முதல் விவாதத்தையே இதை மறுப்பதற்குத்தான் ஒதுக்குகிறது. ஆனாலும் சம்மிதீயர் சிறு குழுவல்லர். 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பயணம் செய்த சீனத் துறவி சுவான்சாங் அவர்களைப் பெரும் தொகையினராகவே கண்டு குறித்திருக்கிறார். சர்வாஸ்திவாதிகள், தம்மங்கள் இறந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றிலும் உள்ளன என்றார்கள். கடந்துபோன வினை இன்று பலன் தருவதை அவர்கள் விளக்கிய வழி அது.

அப்புறம் நாகார்ஜுனர். ஏறக்குறைய கி.பி. 2ஆம் நூற்றாண்டு. ஆளுக்கு மட்டுமல்ல, தம்மங்களுக்கும் சொந்த இயல்பு கிடையாது என்றார். சார்ந்து தோன்றுவது எதுவோ அதுவே சூனியம். இதை 'ஒன்றுமே இல்லை' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். சூனியம் என்றால் தனித்து நிற்கும் இயல்பு இல்லாமை, அவ்வளவுதான். இதுதான் மத்தியமகம். அசங்கரும் வசுபந்துவும் வளர்த்த யோகாசாரம், வினையின் வித்துகளைத் தாங்கி ஓடும் ஆலய விஞ்ஞானம் என்ற அடிமன ஓட்டத்தைச் சொன்னது. எல்லா உயிரிலும் புத்த நிலையின் கரு உண்டு என்ற ததாகதகர்ப்பக் கொள்கை கிழக்காசிய மரபுகளில் ஆழமாக வேரூன்றியது. இப்படி வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால், ஒவ்வொரு பள்ளியும் முந்தையவரிடம் விட்டுப்போன ஓர் இடைவெளியை அடைக்க வந்ததுபோல நினைவில் தங்கும்.

மகாயானம் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அது ஒரு நாளில் பிரிந்துபோன தனிச் சங்கம் அல்ல. வைசாலியில் நடந்த இரண்டாம் சங்கீதியை (துறவிகளின் பேரவையை) அடுத்துப் பிரிந்தவர்கள் ஸ்தவிரரும் மகாசாங்கிகரும். அதை மகாயானத்தின் பிறப்பாக எழுதுவது வழக்கமாக நடக்கும் பிழை. மகாயானம் பிற்பாடு, பல பள்ளிகளின் மடங்களுக்குள்ளேயே புதிய சூத்திரங்களோடும் எல்லா உயிர்களுக்காகவும் புத்தராக முயலும் போதிசத்துவ இலட்சியத்தோடும் வளர்ந்தது. நாலந்தாவில் பயின்ற சீனத் துறவி யிஜிங், இரு தரப்புத் துறவிகளும் ஒரே வினய விதிகளை (துறவற ஒழுக்க விதிகளை)த்தான் பின்பற்றுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். இன்றும் பெரும்பாலான கிழக்காசிய மகாயானத் துறவிகள் பின்பற்றுவது தர்மகுப்தகரின் வினயம், திபெத்தியர் பின்பற்றுவது மூலசர்வாஸ்திவாத வினயம். இரண்டுமே பழைய பள்ளிகளுடையவை.

ஹீனயானம் என்பது தாழ்ந்த ஊர்தி என்று பொருள்படும் வசைச்சொல். இலங்கை, மியான்மர், தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் நாடுகளில் வாழும் மரபுக்கு அந்தப் பெயரை விடைத்தாளில் வைக்காதீர்கள். தேரவாதம் என்றே எழுதுங்கள். தேரவாதத்தில் போதிசத்துவர் கிடையாது என்பதும் தவறு. புத்தராவதற்கு முந்தைய கௌதமர் அங்கே போதிசத்துவர்தான். அந்தப் பாதையை எல்லோரும் ஏற்கலாம், ஏற்க வேண்டும் என்பதுதான் மகாயானம் வைத்த வேறுபாடு. வஜ்ரயானமும் மகாயானத்தின் தத்துவத்தை அப்படியே ஏற்று, மந்திரம், மண்டலம், குருவின் தீட்சை ஆகிய வழிமுறைகளைச் சேர்த்துக்கொண்டது. திபெத்தில் நியிங்மா, காக்யு, சாக்கிய, கெலுக் என்று நான்கு பெரும் மரபுகள். ஜப்பானில் ஷிங்கோன் என்ற வஜ்ரயான மரபு உள்ளது. சென் மரபு தியானத்தையும், தூய நிலம் என்ற மரபு அமிதாப புத்தரின் மேல் வைக்கும் நம்பிக்கையையும் மையமாகக் கொண்டவை என்ற அளவு அறிமுகத் தாளுக்குப் போதும்.

அம்பேத்கரைக் கடைசிப் பக்கத்துப் பெட்டிச் செய்தியாகப் படிக்காதீர்கள். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவிய அவர், 1957இல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இதே கேள்வியைத்தான் எழுப்புகிறார்: ஆன்மா இல்லையென்றால் மறுபிறப்பு எதற்கு, யாருக்கு? முற்பிறவி வினையால்தான் இன்றைய ஏழ்மையும் இழிவும் என்ற விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. நவயானம் எனப்படும் அவருடைய பௌத்தத்தை இந்தக் கேள்வி வழியாகப் படித்தபோதுதான், இரண்டாயிரம் ஆண்டு விவாதத்தில் அதன் இடம் எனக்குத் தெளிவானது.

படிக்கும் முறையில் இரண்டு விஷயங்கள் எனக்கு உதவின. குறிப்பேட்டில் பாலி, சமஸ்கிருதம், தமிழ் என்று மூன்று பத்தி போட்டுக்கொண்டேன். நிப்பானம், நிர்வாணம், வீடுபேறு எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் நூலுக்கு நூல் பெயர் மாறினாலும் குழப்பம் வராது. விடைத்தாளில் ஏதாவது ஒரு மொழியின் வடிவத்தையே முதலிலிருந்து கடைசிவரை வையுங்கள். இரண்டாவது, ஆண்டுகள். புத்தரின் காலம் கி.மு. 563 முதல் 483 வரை என்று பல பாடநூல்களில் இருக்கும். தேரவாத மரபுப்படி பரிநிர்வாணம், அதாவது புத்தரின் மறைவு, கி.மு. 544இல். 2500ஆம் ஆண்டு விழா 1956இல் கொண்டாடப்பட்டது அந்தக் கணக்கில்தான். எந்தக் கணக்கு என்று சொல்லிவிட்டு எழுதினால் சிக்கல் இல்லை.

மறுதேர்வில் அந்தப் பழைய கேள்வி வரவில்லை. யோகாசாரத்தின் ஆலய விஞ்ஞானத்தை ஆராய்க என்று கேட்டிருந்தார்கள். நாகசேனரின் விளக்கிலிருந்து தொடங்கி எழுதினேன். கூடுதல் தாள் இரண்டு வாங்க வேண்டியிருந்தது.