ராமேஸ்வரத்தில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும்

அப்பா போனதிலிருந்து அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ராமேஸ்வரம் கூட்டிக்கொண்டு போய் அவருக்கு முறையாகச் செய்துவிடு. ஒவ்வொரு அமாவாசைக்கும் கேட்பாள், நானும் சரி சரி என்பேன். நடுவில் அவளுக்கு முழங்கால் ஆபரேஷன், அப்புறம் பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள், மண்டபத்தில் இறங்கி பஸ் மாறி ஏற அவளால் முடியாது. காரில் போகலாம் என்றால் அதற்கும் மாட்டேன் என்றாள், கடல் மேல் ரயிலில் போவதுதான் அப்பாவுக்குப் பிடிக்குமாம். கடைசியில் 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு வந்த தை அமாவாசைக்குத்தான் டிக்கெட் போட்டேன். ராமநாதசுவாமி கூப்பிடாமல் அந்தத் தீவுக்குள் கால் வைக்க முடியுமா என்ன.

அப்பா போனது 2021 மே. அந்த மே மாதத்தைப் பற்றி யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஊரெல்லாம் கொரோனா ஊரடங்கு, கோயில் கதவுகூடச் சாத்தியிருந்த நேரம். ஆஸ்பத்திரிக்குள் எங்களை விடவில்லை. பக்கத்து படுக்கையில் இருந்த ஒருவர்தான் அப்பாவின் போனை எடுத்து, அவர் காதில் வைத்துப் பேசவைப்பார், "சார் இன்னைக்கு ரெண்டு வாய் கஞ்சி குடிச்சார்மா" என்று அம்மாவிடம் சொல்வார். அவர் பெயரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை, வீட்டில் அவர் 'பக்கத்து பெட் தம்பி', அவ்வளவுதான். ஒருநாள் அப்பாவே மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தத் தம்பி போயிட்டான், அவனைத் தேடி ஒருத்தரும் வரலை என்றார். கொஞ்ச நாளில் அப்பாவும் போய்விட்டார். உறையில் சுற்றிய உடம்பு, தள்ளி நின்று பார்த்தோம், எது தலை எது கால் என்று தெரியவில்லை. சுடுகாட்டில் வரிசை, கையில் நம்பர் சீட்டு, மறுநாள் ஒரு கலயம். அம்மா வாய்க்கரிசி போடவில்லை. முகம் பார்க்கவில்லை. காரியம் வீட்டுக்குள்ளேயே, நாலு பேருடன் முடிந்தது. அப்புறம் ஊரடங்கு தளர்ந்து சொந்தக்காரர்கள் வந்தபோது, எத்தனையோ பேர் போனாங்க, அதுல இவரும் ஒருத்தர், மனசைத் தேத்திக்கோ என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் அன்றிலிருந்து அம்மா அதைப் பற்றி யாரிடமும் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

ரயில் பாலத்தில் ஏறியதும் அம்மா ஜன்னலோரம் நகர்ந்து கும்பிட்டுக்கொண்டாள். பக்கத்தில் பழைய பாலம் தெரிந்தது, 1914-இல் கட்டியது, ஓய்வு பெற்றுத் துருவேறி நின்றது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்துபோனதும், ஒரு பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலில் போனதும் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது நடந்தவை, அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அந்த ரயில்ல போனவங்களுக்கெல்லாம் யாருடா வாய்க்கரிசி போட்டா?" என்றாள். நான் என்ன சொல்ல.

ஊருக்குள் இறங்கியதும் மொய்த்துவிட்டார்கள். ஆட்டோ, ரூம், தர்ப்பணம், இருபத்திரண்டு தீர்த்தம், எல்லாவற்றுக்கும் ஒரு ஆள், ஒரு ரேட். "சார் இன்னைக்கு அமாவாசை, வரிசையில நின்னா சாயந்திரம் ஆயிடும், நம்மகிட்ட தனி வழி இருக்கு" என்று ஒருவன் அரைக் கிலோமீட்டர் கூடவே வந்தான். அந்தத் தனி வழிக்கே ஆயிரம் கேட்டான் என்றால் சுவாமிக்கே என்ன விலை சொல்வானோ. அம்மா அவனை நிறுத்தி, "உங்க அப்பா அம்மா இருக்காங்களா தம்பி?" என்று கேட்டாள். இருக்காங்கம்மா என்றான். "நல்லா பாத்துக்கோ" என்றாள். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அக்னி தீர்த்தக் கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். குளித்துவிட்டுக் கட்டியிருந்த துணியைக் கடலிலேயே விட்டுப் போகிறார்கள், காலைச் சுற்றுகிறது, அலைக்கு அலை வேட்டியும் புடவையும்தான். பாவத்தைக் கடலில் விடுங்கள், துணியை ஏன் விடுகிறீர்கள்? பெண்கள் உடை மாற்ற ஒரு மறைவுக்குப் பட்ட பாட்டை எழுத ஆரம்பித்தால் கோபம்தான் வரும், அதனால் விடுகிறேன்.

கரையில் சாஸ்திரிகள் வரிசையாக உட்காரவைத்தார். எனக்கு இடப்பக்கம் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி, ஐம்பதைக் கடந்தவர்கள். வலப்பக்கம் ஒரு வடநாட்டுப் பெரியவர், அவர்களுக்கு அன்று மௌனி அமாவாசை. கோத்திரம் கேட்டு, பெயர் கேட்டு வந்த சாஸ்திரிகள் அந்த ஈரோட்டு அண்ணனிடம், யாருக்கு, பெயர் என்ன என்றார். அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மறுபடி கேட்டார்கள், மறுபடியும் வரவில்லை. பின்னால் நின்றிருந்த அந்த அக்காதான் குனிந்து பெயரைச் சொல்லிவிட்டு, "பையனுங்க சாமி" என்றார். இதைக் கேட்டதும் என் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், எந்த வருஷம்மா என்றாள். "இருபத்தொண்ணுங்மா, மே மாசம்."

எங்களுக்கும் மேதான் என்று அம்மா சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. அவ்வளவுதான் பேசினார்கள். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள், ஆக்சிஜன் கிடைத்ததா, ஊசி போட்டீர்களா, எதையும் இருவருமே கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த எல்லோரும் முதலில் கேட்டவை அவைதான். வலப்பக்கத்துப் பெரியவர் பேசிய இந்தி எங்களுக்குப் புரியவில்லை, அதில் 'கோவிட்' மட்டும் புரிந்தது, கழுத்தில் தாலி மாதிரி விரலால் கோடு போட்டுக் காட்டினார், மனைவி என்று புரிந்துகொண்டோம்.

அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, அவருக்கு மேலே உள்ளவர்களுக்கு எல்லாம் எள்ளும் தண்ணீரும் விட்டு முடிந்தபிறகு, சாஸ்திரிகள் தர்ப்பை முடிச்சான கூர்ச்சத்தைப் பிரிக்கச் சொன்னார். "இது யாருமில்லாம போனவாளுக்கு. அப்பா அம்மா, பந்துக்கள், தெரிஞ்சவா, எவரும் இல்லாதவா அத்தனை பேருக்கும். நன்னா விடுங்கோ." வருஷா வருஷம் செய்கிற தர்ப்பணத்தில் இது கடைசியில் வந்து போகும், சீக்கிரம் எழுந்திருக்கும் அவசரத்தில் விட்டுவிட்டுப் போவோம். அன்றைக்கு அம்மா என் தோளைத் தொட்டாள். "அந்தத் தம்பியை நினைச்சுக்கோடா." பெயர் தெரியாது, ஊர் தெரியாது, கோத்திரம் தெரியாது, கஞ்சி குடித்தார் என்று சொன்ன குரல் மட்டும் தெரியும். அந்தக் குரலை நினைத்துத் தண்ணீர் விட்டேன். அந்த ரயில்காரர்களையும் நினைத்தேன். பக்கத்தில் ஈரோட்டு அண்ணனின் கை ஆடிக்கொண்டே இருந்தது, தண்ணீர் நிற்காமல் வழிந்தது, வடநாட்டுப் பெரியவர் என் மடி தாண்டி கையை நீட்டி அவர் கையை அடியில் தாங்கினார். மூன்று பேர் தண்ணீரும் ஒரே இடத்தில்தான் விழுந்தது. யாருடையது யாருக்குப் போனதோ, சுவாமி பிரித்துக் கொடுத்துக்கொள்ளட்டும்.

பிறகு பிண்டத்தைக் கடலில் விட்டு, முழுக்குப் போட்டு, தீர்த்தமாடப் போனோம். மகாலட்சுமி தீர்த்தத்தில் ஆரம்பித்து கோடி தீர்த்தத்தில் முடிவதற்குள் அம்மாவின் முழங்கால் என்ன ஆகுமோ என்பதுதான் என் பயம். தரையெல்லாம் வழுக்கல், பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், ஒவ்வொரு கிணற்றிலும் மேலே நிற்பவர் வாளியைக் கவிழ்க்கிற வேகத்தில் பாதிப் பேர் தலையில் ஒரு சொட்டுகூட விழாது. விழாதவர்கள் சண்டை, விழுந்தவர்கள் இன்னொரு வாளி கேட்டுச் சண்டை. ஈரோட்டு அக்கா அம்மாவின் இடது கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்க எம்மேல சாஞ்சுக்குங்மா, நா எங்கீங் போறேன்" என்று கடைசிவரை கூட்டிக்கொண்டு வந்தார். நான் பின்னால் துண்டோடு நடந்தேன், வேறு வேலை எனக்கு வைக்கவில்லை. நடு நடுவே இருவரும் பேசிக்கொண்டு போனார்கள். காயத்ரி தீர்த்தத்தருகே அந்தப் பையனின் பைக் இன்னும் வீட்டு வாசலில் நிற்பதைப் பற்றி. சங்கு தீர்த்தத்தருகே அப்பாவின் மூக்குக் கண்ணாடியைப் பற்றி. கயா தீர்த்தத்தில் நின்றபோது அம்மா அழுதாள். இத்தனை வருஷத்தில் அம்மா அழுது நான் பார்த்தது அங்கேதான். அந்த அக்கா தேற்றவே இல்லை, மனசைத் தேத்திக்கோங்க என்று சொல்லவே இல்லை, அவரும் சேர்ந்து அழுதார், தலையில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்ததால் வரிசையில் வேறு யாருக்கும் தெரியவில்லை.

ஈரம் மாற்றிக்கொண்டு தரிசனத்துக்குப் போனோம். அதிகாலை ஸ்படிக லிங்க தரிசனம் அன்றைக்கு எங்களுக்கு வாய்க்கவில்லை, அதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தையும் சொல்லாதது எனக்கு ஆச்சரியம். முதலில் விசுவநாதர். அனுமன் கயிலையிலிருந்து லிங்கம் கொண்டுவர நேரமாகிவிட, சீதாதேவி பிடித்த மணல் லிங்கம் நின்றுவிட்டது, வாடிய அனுமனுக்காக, பிந்தி வந்த லிங்கத்துக்கே முதல் பூஜை என்று ராமர் சொன்ன கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அம்மா அங்கே நின்று, "பிந்தி வந்தா என்ன, ஏத்துக்கிட்டாரு பாத்தியா" என்றாள், யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ராமநாதர் சன்னதியில் திரை போட்டிருந்தது. கூட்டம் அப்படியே இறுகி நின்றது. மூச்சு முட்டியது, யாரோ என் காலை மிதித்துக்கொண்டே 'சிவசிவா' என்றார். முன்னால் அம்மாவும் அந்த அக்காவும், அவர்களுக்குப் பின்னால் நானும் அண்ணனும், எங்கேயோ ஓரமாக வடநாட்டுப் பெரியவரின் வெள்ளைத் தலை. மணி அடித்தது, திரை விலகியது, தீபம் ஏறியது. கூட்டம் முழுக்க 'ராமநாதா' என்று கத்தியது. அந்தச் சத்தத்துக்குள் எனக்குப் பக்கத்திலிருந்து இன்னொரு பெயர் கேட்டது. கடற்கரையில் வாயில் வராமல் நின்ற அந்தப் பெயரை அண்ணன் சொல்லிக் கூப்பிட்டார். மெதுவாக அல்ல, தோட்டத்துக் கோடியில் நிற்கிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவது போல, முழுத் தொண்டையில். ஒருமுறை, இரண்டுமுறை. தீபம் லிங்கத்துக்கு முன்னால் மேலே போய் இறங்கியது. கங்கை நீர் வடிந்த ஈரம் அந்தத் திருமேனியில் மின்னியது, எனக்கு அதற்கு மேல் சரியாகத் தெரியவில்லை, கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. அப்பா அங்கே இருந்தாரா என்று கேட்டால், இருந்தார். அந்தத் தம்பி இருந்தான். அந்தப் பையன் இருந்தான். நகருங்க நகருங்க என்று முதுகில் கை வைத்துத் தள்ளியவருக்குக்கூட அன்றைக்கு என்னால் கோபப்பட முடியவில்லை. அப்பனே ராமநாதா, முகம் பார்க்காமல் அனுப்பிய மனிதரை உன் முகத்தில் காட்டினாயே. என் அம்மாவை அழவைத்தாயே. இதற்கு நான் என்ன செய்து கழிப்பேன், எத்தனை அமாவாசை வந்தாலும் போதாது. தாயே பர்வதவர்த்தினி, அந்த அக்கா வீட்டில் இன்னொரு பெண்பிள்ளை இருக்கிறாளாம், அவளை நீ பார்த்துக்கொள்.

பிராகாரத்துத் தூண்களையெல்லாம் பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்று கிளம்பும்போது நினைத்திருந்தேன். ஒன்றையும் பார்க்கவில்லை. மூன்றாம் பிராகாரத்தில் ஓரமாக எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். வடநாட்டுப் பெரியவர் விபூதியை நுனிவிரலில் எடுத்து அம்மாவின் கையில் வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, கூட்டத்தில் கலந்து போனார், அவர் ஊர் எது என்றுகூடக் கேட்கவில்லை. ஈரோட்டு அண்ணன் அதன்பிறகு நிறையப் பேசினார், பையன் படித்தது, வேலைக்குப் போனது, எல்லாம். பெயரையும் சொல்லிச் சொல்லிப் பேசினார்.

வாசலில் செல்போனைத் திரும்ப வாங்கியதும் அம்மாக்கள் இருவரும் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். தனுஷ்கோடிக்கும் கோதண்டராமர் கோயிலுக்கும் போக நேரம் இருக்கவில்லை, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அந்த அக்கா, ஆடி அமாவாசைக்குப் பவானி கூடுதுறைக்கு வந்துருங்மா, எங்க வீட்டிலேயே தங்கிக்கலாம், சங்கமேஸ்வரரையும் பாத்துடலாம் என்றார். "வர்றோம்" என்று அம்மா என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டாள். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் கூடுதுறைப் படியில் இந்த முழங்காலோடு எப்படி இறங்குவாள் என்று கேட்டேன். அதான் அவ பிடிச்சுக்குவாளே, நீ டிக்கெட்டைப் போடு என்றாள்.