கூடங்குளத்தில் மாநில அரசுக்கு என்ன இடம்?

கூடங்குளம் அணுஉலையின் பாதுகாப்பைக் கண்காணிப்பது மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், உலையை ஓட்டுவதும் மத்திய அரசு நிறுவனம்தான். ஆனால் ஒரு விபத்து என்று வந்துவிட்டால் வளாகத்துக்கு வெளியே ஊர்களைக் காலி செய்வது, பேருந்து, முகாம், சாப்பாடு எல்லாம் மாவட்ட ஆட்சியர் தலையில்தான் விழும். பொறுப்பு இங்கே, அதிகாரம் அங்கே. இது எனக்குச் சரியாகவே படவில்லை.

2011 செப்டம்பரில், மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்தச் சொல்லி தமிழக அமைச்சரவை தீர்மானம் போட்டது. அப்புறம் மாநில அரசே ஒரு நிபுணர் குழு அமைத்தது, அதில் அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர் எம்.ஆர்.சீனிவாசனும் இருந்தார், 2012 மார்ச் 19 அன்று அமைச்சரவை பச்சைக்கொடி காட்டி, 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டமும் அறிவித்தது. அணுத்துறையில் இருந்தவரையே உட்கார வைத்தால் மாநிலத்துக்கென்று தனிப் பார்வை எங்கிருந்து வரும்?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், 1979 திரீ மைல் ஐலண்ட் அணுஉலை விபத்துக்கு அடுத்த வருடமே அணுப் பாதுகாப்புக்கென்று தனித் துறை தொடங்கியது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் மாநில அரசே கதிர்வீச்சை அளந்து, அந்த அளவுகளைத் தினமும் தமிழில் வெளியிடுவதில் இருந்து தொடங்கலாம்.