தெப்பத்தில் ஒரு கல்

மதுரையில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம் முதல்வர் என்னை அழைத்து, "பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் வேலையை இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் டீச்சர்" என்றார். ஆண்டுக்கு நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களில் ஒருவரோ இருவரோ ஆக்ஸ்போர்டு அல்லது கேம்பிரிட்ஜ் என்று வந்து நிற்பார்கள். படிவம் நிரப்பும் வேலை என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

பிரிட்டனில் இளநிலைப் படிப்புக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்புதான் வாசல். அதன் வழியாக ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் ஒரே ஆண்டில் சேர்த்துப் போட முடியாது. இரண்டுக்கும் கடைசி நாள் அக்டோபர் 15, அவர்கள் ஊரில் மாலை ஆறு மணி. நமக்கு இரவு பத்தரை. மாணவர் தன் பங்கை முடித்ததும் விண்ணப்பம் பள்ளிக்கு வரும். ஆசிரியரின் பரிந்துரையைச் சேர்த்து அனுப்புவது எங்கள் பொறுப்பு. அந்த நாளில் நான் இரவுச் சமையலை ஏழு மணிக்கே முடித்துவிடுவேன்.

முதல் ஆண்டு நான் எழுதிய பரிந்துரையின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'ஒழுக்கமானவன். கடின உழைப்பாளி. ஆசிரியர்களிடம் மரியாதையுடன் நடப்பவன். வகுப்பில் முதல் மதிப்பெண்.' நாலாயிரம் எழுத்துகள் வரை இடம் இருந்தும் ஆயிரத்தை எட்டுவதற்குள் எனக்குச் சொல்ல விஷயம் தீர்ந்துவிட்டது. அது பரிந்துரை அல்ல, நன்னடத்தைச் சான்றிதழ். அந்தப் பையனுக்கு நேர்காணல் அழைப்பு வரவில்லை. என் கடிதம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சுமார் 3,500 இடங்களுக்குப் போட்டியிடும் இடம் அது. ஆனாலும் இரண்டு ஆண்டுகள் என் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பற்றி எனக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை என்பது அந்தக் காகிதத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

அங்கே பாடம் நடக்கும் முறையைப் படித்துப் பார்த்தபோதுதான் அவர்கள் என்ன தேடுகிறார்கள் என்று புரிந்தது. விரிவுரைகள் ஒரு பக்கம். அதோடு வாரந்தோறும் ஓர் ஆசிரியர், எதிரே இரண்டு மூன்று மாணவர்கள் மட்டும். ஆக்ஸ்போர்டில் அதை டுடோரியல் என்கிறார்கள், கேம்பிரிட்ஜில் சூப்பர்விஷன். எழுதிக் கொண்டுபோனதை அங்கே வாய்விட்டுப் பேச வேண்டும், தவறு செய்ய வேண்டும், திருத்திக்கொள்ள வேண்டும். டிசம்பரில் நடக்கும் நேர்காணலும் அந்த வகுப்பின் ஒரு துண்டுதான். இந்தப் பிள்ளைக்கு மூன்று ஆண்டுகள் பாடம் நடத்தினால் இது வளருமா என்பதைத்தான் அந்த அரைமணி நேரத்தில் பார்க்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் ஒரு தடையே அல்ல. விடை உறுதியாகத் தெரியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று பதினான்கு ஆண்டுகள் பழக்கியிருக்கிறோம். நானும் பழக்கியிருக்கிறேன். 'தெரிந்தால் சொல், இல்லையென்றால் உட்கார்' என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

அதன்பிறகு விண்ணப்பிக்கும் பிள்ளைகளை ஆகஸ்டிலேயே மாலை நேரத்தில் ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்பேன்; அவ்வளவுதான் பயிற்சி. ஒரு மாணவியை மறக்கவே முடியாது. கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருப்பவரின் மகள். வகுப்பில் குரலே கேட்காது. அவளிடம், "வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தெப்பம் மிதக்கிறது. அதில் ஒரு பெரிய கல் இருக்கிறது. அந்தக் கல்லைத் தூக்கிக் குளத்துக்குள் போட்டால் குளத்தின் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா?" என்று கேட்டேன்.

நான்கு நிமிடம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "இதை நீங்கள் நடத்தவில்லையே மிஸ்" என்றாள்.

"நடத்தவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று சொல்."

"மாறாது என்று நினைக்கிறேன். கல் அதே கல்தானே?" சொன்னதும் அவளுக்கே அது பிடிக்கவில்லை. சாக்பீஸை எடுத்துத் தெப்பம் வரைந்தாள், கல் வரைந்தாள், அழித்தாள். பிறகு கல்லை வெறும் புள்ளியாக வரைந்துவிட்டுத் திரும்பினாள். "மிஸ், கல் கடுகு அளவுதான், ஆனால் யானை எடை என்று வைத்துக்கொள்ளலாமா? தெப்பத்தில் இருக்கும்போது யானை எடைக்குத் தண்ணீரை ஒதுக்கும். குளத்துக்குள் விழுந்தால் கடுகு அளவுக்குத்தான் ஒதுக்கும். அப்படியானால் மட்டம் இறங்க வேண்டும்!" கடைசிச் சொல்லில் குரல் உயர்ந்துவிட்டது. அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதே இல்லை.

விடையை விட, அந்தக் கடுகுதான் பெரிது. கேள்வியை ஓர் எல்லைவரை இழுத்துப் பார்ப்பது இயற்பியலாளர்களின் பழைய உத்தி. அவளுக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. அன்றிரவு பரிந்துரையில் நடந்ததை நடந்தது போலவே எழுதினேன்; மாறாது என்று முதலில் சொன்னதையும் விடாமல் எழுதினேன்.

மாணவர் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரையிலும் இதே சங்கடம்தான். 2007இல் யூகாஸ் ஆராய்ந்தபோது, எட்டாவது பிறந்தநாளில் வேதியியல் சோதனைப் பெட்டியால் இரவு உடையில் ஓட்டை போட்டுக்கொண்ட கதை 234 விண்ணப்பங்களில் இருந்ததாம். எங்கள் பள்ளியில் அந்த இடத்தில் அப்துல் கலாமின் கனவு வாக்கியம் இருக்கும். பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித்தரும் முகவர்கள் நம் ஊரிலும் பெருகிவிட்டார்கள். பிள்ளையின் குரலையே காசு கொடுத்து அழிக்கும் வேலை அது. எனக்கு அதில் கோபம் உண்டு. 2026 சேர்க்கையிலிருந்து ஒரே கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் வந்துவிட்டன: ஏன் இந்தப் பாடம், படித்தது உன்னை எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். இதை நான் வரவேற்கிறேன். நேராகக் கேட்டால் நம் பிள்ளைகள் நேராகச் சொல்வார்கள்.

பொதுத்தேர்வில் பிள்ளை எவ்வளவு வாங்கும் என்று பள்ளி முன்கூட்டியே எழுதித்தரும் எதிர்பார்ப்பு மதிப்பெண் இன்னொரு தலைவலி. அரையாண்டுத் தேர்வில் நாம் கறாராகத் திருத்துவோம். பொதுத்தேர்வில் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போவார்கள். ஆகவே இரண்டையும் வைத்துக் கணித்துத்தான் எழுத வேண்டும். 98 போடுங்கள் என்று பெற்றோர் வற்புறுத்தினால் நான் இணங்குவதில்லை.

அந்தப் பெண் அக்டோபரில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். டிசம்பர் நேர்காணல் இணையவழி. அவர்களுக்குப் பகல் ஒன்றரை, நமக்கு இரவு ஏழு. வீட்டில் மின்சாரத்தை நம்ப முடியாது என்று பள்ளியின் கணினி அறையிலேயே உட்கார வைத்தோம். நானும் அவள் அப்பாவும் வெளியே வேப்பமரத்தடித் திண்ணையில் இருந்தோம். அவர் கையில் பிளாஸ்க், கடைசிவரை திறக்கவில்லை. வெளியே வந்தவள், "இரண்டாவது கேள்வியில் தப்பாகத்தான் தொடங்கினேன் மிஸ். பாதியில் நானே கண்டுபிடித்துவிட்டேன்" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

ஜனவரியில், பொதுத்தேர்வில் இவ்வளவு மதிப்பெண் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இடம் கிடைத்தது. அவள் போகவில்லை.

இங்கே என் தவறு ஒன்று இருக்கிறது. அங்கே வெளிநாட்டு மாணவருக்கு அறிவியல் பாடங்களின் கட்டணம் ஆண்டுக்கு 40,000 பவுண்டுக்கு மேல். நம் பணத்தில் 40 இலட்சத்தைத் தாண்டும். மூன்று ஆண்டுகள், தங்குவதும் சாப்பிடுவதும் தனி. விசாவுக்கு முன் முதலாண்டுக்கான பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். பெயர் கேட்டிருக்கும் ரோட்ஸ், கேட்ஸ் கேம்பிரிட்ஜ், ஃபெலிக்ஸ் எல்லாம் முதுநிலைக்கான உதவித்தொகைகள். இளநிலைக்கு உள்ளவை மிகச் சில. இதையெல்லாம் நான் அறிவேன். 'முதலில் இடம் கிடைக்கட்டும்' என்று அவள் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவள் விண்ணப்பித்த உதவித்தொகை கிடைக்கவில்லை என்று தெரிந்த அன்று அவர் பள்ளிக்கு வந்து, "நீங்கள் நல்லதுதான் செய்தீர்கள் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை எனக்கு இன்றும் ஆறவில்லை. இப்போது ஜூலை முதல் வாரத்திலேயே பெற்றோரை அழைத்து, கல்லூரிப் பெயருக்கு முன் கட்டணத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறேன். சிலர் அன்றே விலகிவிடுகிறார்கள். விலகினாலும் சொல்லத்தான் வேண்டும்.

அவள் இந்தியாவிலேயே இயற்பியல் படிக்கிறாள். முனைவர் பட்டத்துக்கு மறுபடியும் அங்கே விண்ணப்பிக்கப் போவதாகப் போன பொங்கலுக்கு வந்தபோது சொன்னாள்.

மாலை வகுப்பை இப்போது விண்ணப்பிப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வதில்லை. வாரம் ஒருநாள் கடைசிப் பிரிவேளையில் நாற்பத்திரண்டு பேருக்கும் கேள்வி உண்டு. யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு கோடு போட்ட நோட்டில் குறித்துக்கொள்கிறேன். சென்ற வாரம், டம்ளரில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் தண்ணீர் ஏன் வழிவதில்லை என்று கேட்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "டம்ளரில் உப்புத் தண்ணீர் இருந்தால் வழியுமா மிஸ்?" என்று திருப்பிக் கேட்டான். அவன் எங்கும் விண்ணப்பிக்கவில்லை; படிப்பு முடிந்ததும் அப்பாவின் அச்சகத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறான். அவன் கேட்டதைத் தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.